ஹப்பெல் வணிக நிலையம்

ஹப்பெல் வணிக நிலையம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தின் வடகிழக்குப் பகுதியில், நவாஹோ மக்களின் ஒதுக்கீட்டு நிலத்தின் நடுவே, கனாடோ என்னும் சிற்றூருக்கு அருகில் அமைந்துள்ள பழைய பலசரக்குக் கடை ஆகும். ஜான் லொரென்சோ ஹப்பெல் என்பவர் 1878 ஆம் ஆண்டில் வாங்கிய இக்கடையை அவரும் அவருடைய மக்களும் மருமகளும் 1967 வரை, ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள், குடும்பத் தொழிலாக நடத்தி வந்தனர். பின்னர் இது ஐக்கிய அமெரிக்க தேசியப் பூங்காச் சேவைக்கு விற்கப்பட்டு, தேசிய வரலாற்றுக் களமாகப் பேணப்படுகிறது.

மாவு, சர்க்கரை, காப்பிக்கொட்டை, துணி ஆகியவற்றை விற்று, அவற்றுக்கு ஈடாக ஆட்டு மயிர், ஆட்டுக்குட்டி, கையால் நெய்த கம்பளம் ஆகியவற்றைப் பெற்றுக்கொள்ளும் பண்டமாற்றுக் கடையாக இது இயங்கியது. நவாஹோ நிலப்பகுதியில் இத்தகைய கடைகள் ஒரு காலத்தில் பல இருந்தன. அவற்றுள் ஹப்பெல் கடை பற்றியே மிகுதியாக எழுதப்பட்டுள்ளது. அக்குடும்பத்தார் கணக்கேடுகளையும் கடிதங்களையும் தூக்கியெறியாமல் வைத்திருந்ததே இதற்கு முதன்மையான காரணம் எனலாம்.

பின்னணி

1864 ஆம் ஆண்டில் கிட் கார்சன் தலைமையிலான அமெரிக்கப் படைகள் நவாஹோ மக்களின் சோள வயல்களையும் பழத்தோட்டங்களையும் அழித்து, ஆடுகளைக் கொன்று, அவர்களைச் சரணடையச் செய்தன. எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நியூ மெக்சிக்கோவின் சம்னர் கோட்டைக்கு அருகிலிருந்த பொஸ்கே ரெடொண்டோ என்னும் இடத்துக்கு நானூறு கிலோமீட்டருக்கும் மேலாக நடத்தியே கொண்டு செல்லப்பட்டனர். இது 'நெடு நடை' என அறியப்படுகிறது. அங்கே உப்பு நீராலும் பட்டினியாலும் நோயாலும் பெருந்தொகையானோர் இறந்தனர். 1868 சூன் 1 ஆம் நாள் கையெழுத்தான உடன்படிக்கையின் பின்னரே எஞ்சியோர் தமது நிலத்துக்குத் திரும்ப முடிந்தது.

திரும்பி வந்தவர்களிடம் ஆடும் இல்லை, விதையும் இல்லை. உடன்படிக்கைப்படி அரசு ஆடுகளை வழங்கியது. அவற்றைப் பெருக்குவதற்குச் சில ஆண்டுகள் பிடித்தன. இதற்கிடையே, சிறைப்பட்டிருந்த நான்காண்டுகளில் அரசு உணவுப்பங்கீட்டின் வழியாகக் கோதுமை மாவும் காப்பியும் சர்க்கரையும் அவர்களுக்குப் பழகிப்போயிருந்தன. கையில் ஆட்டு மயிரும், மனத்தில் மாவுக்கும் காப்பிக்குமான தேவையும் கொண்ட மக்களிடம் வணிகர்கள் வந்து சேர்ந்தது இவ்வாறுதான். ஒதுக்கீட்டு நிலத்தினுள் கடை வைக்க நடுவண் அரசின் உரிமம் பெற வேண்டும் என்பது விதி.

நிறுவியவர்

ஜான் லொரென்சோ ஹப்பெல் 1853 நவம்பர் 27 ஆம் நாள் நியூ மெக்சிக்கோவின் பகாரித்தோ என்னும் ஊரில் பிறந்தார். தந்தை கனெக்டிகட் மாநிலத்திலிருந்து வந்தவர். தாய் அப்பகுதியின் பழைய எசுப்பானியக் குடும்பமொன்றைச் சேர்ந்தவர். ஆகவே அவருக்கு எசுப்பானியமும் ஆங்கிலமும் வீட்டு மொழிகளாக இருந்தன. நவாஹோ மொழியைக் கடைகளில் வேலை பார்த்துக் கற்றுக்கொண்டார். நவாஹோ மக்கள் அவரை 'நாகாய் சானி', அதாவது 'முதிய மெக்சிக்கர்' என்றும், அவர் அணிந்திருந்த மூக்குக்கண்ணாடியைக் குறிக்கும் இன்னொரு பெயராலும் அழைத்தனர்.

1878 இல் வேறொரு வணிகரிடமிருந்து அவர் வாங்கிய கடை, புவெப்லோ கொலராடோ ஓடைக் கரையில் இருந்தது. ஊருக்கும் அதே பெயரே வழங்கியது. ஆயினும் கொலராடோ மாநிலத்திலிருந்த புவெப்லோ நகரத்துடன் அஞ்சல் குழப்பம் ஏற்படாதிருக்க, உள்ளூர் நவாஹோ தலைவரான கனாடோ முச்சோவின் பெயரால் 'கனாடோ' என அழைக்கத் தொடங்கினார். எசுப்பானிய மொழியில் 'கனாடோ முச்சோ' என்பதற்கு 'நிறைந்த மந்தை' என்று பொருள்.

1880களில் சில காலம் அப்பாச்சி மாவட்டத்தின் செரீப் பதவியையும் வகித்தார். பின்னர் ஆட்புலச் சட்டமன்றத்திலும், 1912 இல் அரிசோனா மாநிலமான பின் மாநில மேலவையிலும் உறுப்பினராக இருந்தார். 1914 இல் குடியரசுக் கட்சியின் சார்பில் ஐக்கிய அமெரிக்க மேலவைக்குப் போட்டியிட்டு மார்க்கஸ் சுமித்திடம் தோற்றார். கடைக்காரர் ஒருவர் இவ்வளவு அரசியலில் ஈடுபட்டதற்குத் தொழில் சார்ந்த காரணமும் இருந்தது. அவருடைய உரிமமும் நிலமும் தலைநகரில் எடுக்கப்படும் முடிவுகளைப் பொறுத்தே இருந்தன.

நிலச் சிக்கல்

ஹப்பெல் கடையை வாங்கியபோது அது ஒதுக்கீட்டு நிலத்துக்கு வெளியே இருந்தது. 1880 இல் ஒதுக்கீட்டு நிலம் விரிவாக்கப்பட்டபோது கடையும் அதனுள் அடங்கிவிட்டது. ஒதுக்கீட்டு நிலத்தினுள் நவாஹோ அல்லாத ஒருவர் நிலவுடைமை பெற முடியாது என்பதால், தாம் கட்டிய கட்டிடங்கள் நின்ற மண் தமக்கு உரியதல்லாத நிலை அவருக்கு ஏற்பட்டது. பல ஆண்டுகள் முயன்று, ஐக்கிய அமெரிக்கக் காங்கிரசு இயற்றிய தனிச் சட்டத்தின் மூலம் 160 ஏக்கர் நிலத்துக்கு உரிமை கோரினார். அதற்கான பட்டா 1917 இல்தான் கிடைத்தது. இந்த நிலத்தில் ஓடை நீரை வாய்க்கால் மூலம் பாய்ச்சிக் குதிரைமசால் பயிரிட்டார். சரக்கு வண்டி இழுக்கும் குதிரைகளுக்கும் கோவேறு கழுதைகளுக்கும் அதுவே தீவனம்.

கட்டிடமும் சரக்கும்

இன்று காணப்படும் கடைக் கட்டிடம் 1883 இல் கட்டத் தொடங்கப்பட்டது. கல்லாலான தடித்த சுவர்களும் மரத்தாலான தரையும் கொண்டது. நடக்கும்போது தரைப் பலகைகள் கிறீச்சிடும் ஒலியைப் பார்வையாளர் பலரும் குறிப்பிட்டு எழுதியுள்ளனர். முதல் அறையே விற்பனைக் கூடம். நடுவில் இரும்புக் கணப்படுப்பு. மூன்று புறமும் உயரமும் அகலமும் மிக்க மேசைகள். மேசைக்குப் பின்னால் கூரை வரை அடுக்குத் தட்டுகள். மேசைகள் இவ்வாறு உயரமாக அமைக்கப்பட்டது கடைக்காரரின் பாதுகாப்புக்காகவும், சரக்கைக் கைக்கெட்டாமல் வைப்பதற்காகவும் ஆகும். வாடிக்கையாளர் கேட்கும் ஒவ்வொரு பொருளையும் கடைக்காரரே எடுத்து வைப்பார். ஒரு பொருளின் விலையைத் தீர்த்து முடித்த பிறகே அடுத்த பொருளைக் கேட்பது நவாஹோ வழக்கம் என்பதால், ஒரு கம்பளத்துக்கு ஈடான சரக்கை வாங்கி முடிக்க அரை நாள்கூட ஆகலாம். தொலைவிலிருந்து வருவோர் தங்குவதற்கு 'ஹோகன்' எனப்படும் நவாஹோ வகைக் குடில் ஒன்றும் கடையருகே இருந்தது.

ஆர்பக்கிள் நிறுவனத்தின் வறுத்த காப்பிக்கொட்டை, டப்பாவில் அடைத்த பீச் பழமும் தக்காளியும், வெல்வெட் துணி, ஓரிகன் மாநிலத்துப் பெண்டில்டன் ஆலையின் போர்வைகள், சேணம், கோடரி, விளக்கெண்ணெய், மிட்டாய் ஆகியன விற்கப்பட்டன. ஆர்பக்கிள் காப்பிப் பொட்டலத்தினுள் ஒரு புதினா மிட்டாய்க் குச்சி வைக்கப்பட்டிருக்கும். அந்தக் காப்பி வந்த மரப்பெட்டிகள்கூட வீணாகவில்லை. அவை அலமாரிகளாகவும் தொட்டில்களாகவும் பயன்பட்டன.

1881 இல் இருப்புப்பாதை நியூ மெக்சிக்கோவின் காலப் நகரை அடைந்தது. அது கனாடோவிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஆட்டு மயிர் மூட்டைகளை ஏற்றிச் சென்ற வண்டிகள் மாவு மூட்டைகளுடன் திரும்பின. மழைக்காலத்தில் சேற்றிலும் குளிர்காலத்தில் பனியிலும் வண்டிகள் சிக்கிக்கொள்வது வழக்கமாக இருந்தது.

கொடுக்கல் வாங்கல்

இக்கடையின் கணக்கு முறை ஆடுகளின் ஆண்டுச் சுழற்சியை ஒட்டியது. இளவேனிற் காலத்தில் ஆட்டு மயிர் கத்தரிக்கப்படும். இலையுதிர் காலத்தில் ஆட்டுக்குட்டிகள் விற்கப்படும். இந்த இரண்டு பருவங்களில் மட்டுமே பெருந்தொகை கைக்கு வரும். இடைப்பட்ட மாதங்களில் குடும்பங்கள் கடனில் வாங்கின. கடைக்காரர் அதனைப் பற்றேட்டில் எழுதி வைத்து, மயிரோ குட்டியோ வந்ததும் கழித்துக்கொள்வார். கடைக்காரரும் காலப் மொத்த வணிகர்களிடம் கடனில்தான் சரக்கெடுத்தார். எனவே கம்பளி விலை கிழக்கே எங்கோ வீழ்ந்தால் அதன் அடி மொத்த வணிகர், கடைக்காரர், மேய்ப்பர் என ஒவ்வொருவராகக் கீழிறங்கி வந்தது.

இவ்வகைக் கடைகளில் புழங்கிய இன்னொரு வழி தகர நாணயம். எசுப்பானிய மொழியில் 'உலர்ந்தது' எனப் பொருள்படும் 'செக்கோ' என்ற பெயரால் இது அறியப்பட்டது. கடையின் பெயர் பொறித்த இந்த உலோக வில்லைகள் அதே கடையில் மட்டுமே செல்லும். நாணயத் தட்டுப்பாடு மிக்க நிலத்தில் இது வசதி என்றாலும், வாடிக்கையாளரை வேறு கடைக்குப் போகவிடாமல் கட்டிப்போடும் கருவியாகவும் இருந்தது என்பது மறுக்க இயலாதது.

மூன்றாவது வழி அடகு. வெள்ளி ஒட்டியாணம், நீலப்பச்சைக் கல் கோத்த மாலை, சேணம் முதலியவற்றைக் கடையில் வைத்துச் சரக்கு வாங்கினர். ஒவ்வொன்றிலும் உரிமையாளரின் பெயர்ச்சீட்டு தொங்கும். சடங்குகளின்போது அடகுப் பொருளை இரவல் வாங்கி அணிந்துவிட்டுத் திருப்பித் தருவதும் உண்டு. பூட்டிய அறையில் நகை பாதுகாப்பாக இருக்கும் என்பதாலேயே தேவை இல்லாமலும் சிலர் அடகு வைத்தனர். ஆயினும் தவணை கடந்த பொருளைக் கடைக்காரர் விற்றுவிடலாம். எத்தனை நாள் பொறுப்பது என்பது பெரும்பாலும் அவரவர் மனச்சான்றைப் பொறுத்ததாகவே இருந்தது.

கடைக்காரரின் வேலை விற்பனையோடு முடியவில்லை. கடிதம் படித்துக் காட்டுதல், அரசு அலுவலருக்கு விண்ணப்பம் எழுதுதல், வழக்கைத் தீர்த்து வைத்தல், இறந்தோரை அடக்கம் செய்தல் ஆகியனவும் அவரிடமே வந்தன. இறந்த உடலைத் தொடுவதை நவாஹோ மக்கள் தவிர்ப்பர். 1880களில் பெரியம்மை பரவியபோது, தமக்கு முன்பே அந்நோய் வந்து போயிருந்ததால் அஞ்சாமல் நோயாளிகளைப் பேணியதாகவும், அதன்பின் மக்கள் தம்மீது கொண்ட மதிப்பு உயர்ந்ததாகவும் ஹப்பெல் பிற்காலத்தில் கூறியுள்ளார். தம்மைப் பற்றிய கதைகளைச் சுவைபடச் சொல்வதில் அவர் வல்லவர் என்பதையும் இங்கே கருத்திற் கொள்ள வேண்டும்.

கம்பளங்கள்

நவாஹோ பெண்கள் முதலில் நெய்தவை உடுத்தும் போர்வைகள். ஆலைப் போர்வைகள் மலிவாக வந்தபின் அவற்றின் தேவை குறைந்தது. ஹப்பெல், கிரிஸ்டல் என்னும் ஊரிலிருந்த ஜே. பி. மூர் முதலிய வணிகர்கள், இதே நெசவைத் தரையில் விரிக்கும் கம்பளமாக மாற்றிக் கிழக்கு மாநிலங்களில் விற்கலாம் எனக் கண்டனர். 1902 இல் ஹப்பெல் விலைப்பட்டியல் ஒன்றை அச்சிட்டு அஞ்சலில் அனுப்பினார். பருத்தி நூலைப் பாவாக இடுவதையும் கண்ணைப் பறிக்கும் சாய நிறங்களைக் கலப்பதையும் அவர் ஏற்கவில்லை. சிவப்பு, கறுப்பு, வெள்ளை, சாம்பல் ஆகிய நிறங்களில் பழைய வடிவங்களை நெய்யுமாறு கேட்டுக்கொண்டார். இவ்வாறு உருவான பாணி 'கனாடோ சிவப்பு' எனப்படுகிறது.

தமக்குப் பிடித்த வடிவங்களை ஓவியர்களைக் கொண்டு சிறிய அளவில் வரைவித்துக் கடையின் உள்ளறைச் சுவரில் மாட்டி வைத்தார். நெசவாளர்கள் அவற்றைப் பார்த்து நெய்தனர். ஆனால் அப்படியே படியெடுத்தவர் குறைவு. ஒவ்வொருவரும் தம் போக்கில் மாற்றிக்கொண்டனர். இவ்வோவியங்களை வரைந்தோருள் ஈ. ஏ. பர்பாங்க் குறிப்பிடத்தக்கவர். செஞ்சுண்ணத்தால் அவர் தீட்டிய பழங்குடியினரின் முகப்படங்கள் ஹப்பெல் வீட்டுச் சுவர்களை நிறைத்துள்ளன.

இருப்புப்பாதை வழியே உணவகங்களும் விடுதிகளும் நடத்திய பிரெட் ஹார்வி நிறுவனம் கம்பளங்களைப் பெருமளவில் வாங்கியது. அந்நிறுவனத்தின் அல்புகேர்க்கி காட்சிக்கூடத்தில் பயணிகள் முன் நெய்து காட்டக் கனாடோவிலிருந்து நெசவாளர்கள் சென்றனர். அவர்களுள் 'கனாடோவின் எல்லே' எனப் பெயர் பெற்றவர் 1903 இல் அல்புகேர்க்கிக்கு வந்த குடியரசுத் தலைவர் தியோடர் ரூசவெல்ட்டுக்காக ஒரு போர்வை நெய்தார். ரூசவெல்ட் 1913 இல், பதவியிலிருந்து விலகிய பின், ஹோப்பி மக்களின் பாம்பு நடனத்தைக் காணச் சென்றபோது ஹப்பெல் வீட்டில் தங்கினார். வழிப்போக்கர் எவர் வந்தாலும் உணவும் படுக்கையும் இலவசமாக அளிப்பது அவ்வீட்டு வழக்கமாக இருந்தது.

கம்பள வணிகத்தால் நெசவாளர்கள் என்ன பெற்றனர் என்பது பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. வணிகர்களே நெசவை அழிவிலிருந்து மீட்டனர் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்த வரலாறு. ஆனால் காத்தி மெக்கிளாஸ்கி 2002 இல் வெளியிட்ட நூலில், ஹப்பெல் குடும்பத்தின் கணக்கேடுகளையே சான்றாகக் காட்டி இதனை மறுத்தார். மயிராக விற்றால் நிலையற்ற விலை கிடைக்கும் பொருளைக் கம்பளமாக வாங்குவது வணிகருக்குப் பாதுகாப்பாக இருந்தது என்றும், நெசவாளரின் உழைப்புக்கு மிகக் குறைந்த ஈடே கிடைத்தது என்றும் அவர் வாதிட்டார். ஆரம்ப காலத்தில் பல வணிகர்கள் கம்பளங்களை நிறுத்துப் பார்த்தே விலை கொடுத்தனர் என்பதை நோக்கும்போது இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஏடுகளில் நெசவாளர் பலரின் சொந்தப் பெயர்கள் கிடைப்பதில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே குறிக்கப்பட்டுள்ளனர்.

அடுத்த தலைமுறை

ஹப்பெல், லீனா ரூபி இணையருக்கு அடேலா, பார்பரா, லொரென்சோ (இளையவர்), ரோமன் என நான்கு பிள்ளைகள். குடும்பத்தின் கடைகள் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு ஊர்களில் இருபதுக்கும் மேல் இருந்தன. மூத்த மகன் ஹோப்பி ஊரான ஒராய்பியில் கடை வைத்து, தந்தைக்கு இணையான பெயர் பெற்றார். தந்தை 1930 நவம்பர் 12 ஆம் நாள் காலமானார். இளையவர் லொரென்சோ 1942 இல் இறந்தபின் பொறுப்பு ரோமனிடம் வந்தது. ரோமனும் 1957 இல் மறைந்தார். அதன்பின் பத்தாண்டுகள் கடையை நடத்தியவர் ரோமனின் மனைவி டொரத்தி ஹப்பெல். ஆசிரியராகக் கனாடோவுக்கு வந்து அக்குடும்பத்தில் மணமுடித்தவர் இவர்.

வீழ்ச்சி

கடைக்கு முதல் பேரிடி ஆட்டுக் குறைப்புத் திட்டம் ஆகும். மேய்ச்சல் மிகுந்து மண் அரிக்கப்படுகிறது எனக் கூறி, இந்தியர் விவகார ஆணையர் ஜான் கோலியரின் காலத்தில், 1933 முதல் நடுவண் அரசு நவாஹோ மக்களின் ஆடுகளைக் குறைக்கத் தொடங்கியது. வாங்கப்பட்ட ஆடுகளைக் கொண்டு செல்ல வழியின்றிப் பல இடங்களில் சுட்டுக் கொன்றதை முதியோர் நெடுநாள் நினைவில் வைத்திருந்தனர். ஆடே செல்வமாகவும் ஆடே கடனுக்குப் பிணையாகவும் இருந்த சமூகத்தில் பற்றேட்டின் அடித்தளமே இதனால் ஆட்டம் கண்டது.

இரண்டாம் உலகப் போரின்போது ஆண்கள் படைக்கும் தொழிற்சாலைகளுக்கும் சென்று கூலியைப் பணமாகப் பெற்றனர். 1950 இல் இயற்றப்பட்ட நவாஹோ-ஹோப்பி மறுவாழ்வுச் சட்டத்தின்கீழ் சாலைகள் அமைக்கப்பட்டன. சிற்றுந்து வைத்திருந்தவர் காலப் நகரத்துப் பெருங்கடைக்கு ஒரே நாளில் போய்வர முடிந்தது.

கடைக்கடன் சட்டச் சிக்கலாகவும் மாறியது. கனாடோவிலேயே இருந்த வேறொரு கடையின் உரிமையாளர், கடன் பாக்கிக்காக நவாஹோ குடும்பம் ஒன்றின் மீது மாநில நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 'வில்லியம்ஸ் எதிர் லீ' எனப்படும் அவ்வழக்கில், ஒதுக்கீட்டு நிலத்தினுள் எழும் இத்தகைய பிணக்கை விசாரிக்க மாநில நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. அது நவாஹோ நீதிமன்றத்துக்கே உரியது என 1959 இல் தீர்ப்பானது. 1868 ஆம் ஆண்டு உடன்படிக்கையே தீர்ப்புக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது. பலசரக்குக் கடைப் பாக்கியில் தொடங்கிய இவ்வழக்கு இன்றும் பழங்குடியினரின் தன்னாட்சி பற்றிய முதன்மையான தீர்ப்புகளுள் ஒன்றாக மேற்கோள் காட்டப்படுகிறது.

1972 இல் நடுவண் வணிக ஆணையம் நவாஹோ நிலத்தில் பொது விசாரணைகள் நடத்தி, அடுத்த ஆண்டில் அறிக்கை வெளியிட்டது. மிகை விலை, வட்டியை மறைத்தல், காசோலைகளைப் பிடித்து வைத்தல், அடகு முறைகேடுகள் ஆகியன குறித்த முறைப்பாடுகள் அதில் இடம்பெற்றன. தொடர்ந்து வந்த விதிகளால் ஒதுக்கீட்டு நிலத்தினுள் அடகுத் தொழில் நின்று, எல்லைப்புற நகரங்களுக்கு இடம் பெயர்ந்தது. பழைய கடைகள் பல மூடப்பட்டன. சில எரிபொருள் நிலையங்களாயின.

கைமாறிய பின்

ஹப்பெல் கடை இவ்விசாரணைகளுக்கு முன்னரே குடும்பத்தின் கையை விட்டுச் சென்றிருந்தது. 1960 இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1965 ஆகத்து 28 ஆம் நாள் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம் இதனைத் தேசிய வரலாற்றுக் களமாக்க வழிசெய்தது. 1967 இல் டொரத்தி ஹப்பெல் கட்டிடங்களையும் 160 ஏக்கர் நிலத்தையும் பூங்காச் சேவைக்கு விற்றார். காட்சிப் பொருளாக மட்டும் வைக்காமல் கடையைத் தொடர்ந்து நடத்த வேண்டும் என்பது தொடக்கம் முதலே இருந்த எண்ணம். எனவே வணிகம் இலாப நோக்கமற்ற சங்கம் ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. அருங்காட்சியகப் பொறுப்பில் உள்ள அரசுத் துறை ஒன்றின் கூரையின்கீழ் கம்பளத்துக்கு விலை பேசுவது சில வேளைகளில் சங்கடங்களையும் தோற்றுவித்தது எனினும், உள்ளூர் நெசவாளர்கள் கம்பளம் கொண்டுவந்து விற்கும் இடமாகக் கடை நீடித்தது.

குடும்பத்தின் வணிக ஏடுகளும் கடிதங்களும் தூசானில் உள்ள அரிசோனாப் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. கூடைகள், ஓவியங்கள், கம்பளங்கள் ஆகியன நிறைந்த ஹப்பெல் வீடு அறைகலன்களுடன் அப்படியே பேணப்படுகிறது. நவாஹோ மக்களின் பழைய ஆட்டினமான சுர்ரோ ஆடுகளும் இங்கு வளர்க்கப்பட்டுள்ளன. இறைச்சிக்காக அரசும் வணிகர்களும் வேற்றினக் கடாக்களைக் கொண்டுவந்தபின் அருகிப்போன இனம் இது. அதன் நீண்ட, எண்ணெய்ப்பசை குறைந்த மயிர் கைநூற்புக்கு ஏற்றது.

கடையிலிருந்து பார்த்தால் தெரியும் கூம்பு வடிவக் குன்று 'ஹப்பெல் குன்று' எனப்படுகிறது. லொரென்சோ ஹப்பெலும் அவருடைய மனைவியும், அவரின் நண்பரும் கனாடோ முச்சோவின் மகனுமான 'பல குதிரைகள்' என்பவரும் அங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.